பொதுப் பணமும் டெண்டர் முறையும்

மேட்டூர் அணையை ஜூன் 12 ஆம் நாள் திறப்பது மரபு என்பதைக் காவிரிப் படுகையில் அறியாதார் இலர். நம் காரைக்கால் கடைமடை. காவிரி நடுவர் மன்றம் 2007 ஆம் ஆண்டில் அளித்த இறுதித் தீர்ப்பில் புதுவை அரசுக்கு, அதாவது நம் பகுதிக்கு, 7 டி.எம்.சி. தண்ணீர் ஒதுக்கியது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அந்த அளவை அப்படியே நிலைநிறுத்தியது. ஆனால் தீர்ப்பில் எழுதிய தண்ணீர் வயலுக்கு வர வேண்டுமாயின் வாய்க்கால் தூர் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். தூர் எடுப்பதற்கு டெண்டர் விட வேண்டும். டெண்டர் விடுவதற்குப் பணம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். இவற்றில் எந்த ஒன்று தாமதித்தாலும் மண்வெட்டி இறங்குமுன் தண்ணீர் வந்துவிடும். அல்லது தண்ணீர் வந்த பிறகு மண்வெட்டி இறங்கியதாகக் கணக்கு எழுதப்படும்.

டெண்டர் என்பது காண்டிராக்டர்களுக்கும் அலுவலக எழுத்தர்களுக்கும் உரிய விவகாரம் என்று நம் உழவர்களும் நெசவாளர்களும் ஒதுங்கி நிற்பது வழக்கமாயிருக்கிறது. இது நன்றன்று என்பது நம் கருத்து. அரசாங்கம் எந்த விலைக்கு எவரிடம் வேலையை ஒப்படைக்கிறது என்பதைப் பொறுத்தே நம் வயலுக்கு நீர் ஏறுவதும், நம் தறிக்கு வேலை கிடைப்பதும் அமைகின்றன. ஆகவே இவ்விதிகளைப் பற்றி நாம் அறிந்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதத் துணிகிறோம்.

முதலில் ஒரு வேற்றுமையைக் குறிப்பிட வேண்டும். வாஞ்சூரைத் தாண்டி நாகூர்ப் பக்கம் கால் வைத்தால் தமிழ்நாட்டு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் ஆட்சி செய்கிறது. 1998 இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, 2000 ஆம் ஆண்டின் விதிகளோடு நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, 2 கோடி ரூபாய் வரையுள்ள டெண்டருக்கு 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தருதல் வேண்டும். காலத்தைக் குறைக்க வேண்டுமாயின் மேலதிகாரி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். முடிவினால் பாதிக்கப்பட்டவர் 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். நம் பக்கத்தில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. புதுவை அரசு பின்பற்றுவது மத்திய அரசின் பொது நிதி விதிகளை. அவற்றின் இன்றைய வடிவம் 2017 இல் வந்தது. விதிகள் நல்லனவே. பெரிய கொள்முதலுக்குப் பகிரங்க விளம்பரம் வேண்டும் என்றும், விலைப்புள்ளி தர வழக்கமாக மூன்று வாரங்களேனும் அளிக்க வேண்டும் என்றும், உறைகளைத் திறந்த பின் பேரம் பேசுதலைப் பெரிதும் தவிர்க்க வேண்டுமென்றும் அவை கூறுகின்றன. ஆனால் அவை நிர்வாகம் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட கட்டளைகள். சட்டமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. மத்தியில் 2012 இல் பொதுக் கொள்முதல் மசோதா ஒன்று மக்களவையில் கொணரப்பட்டது. 2014 இல் அவை கலைந்தபோது அதுவும் காலாவதியாயிற்று. ஆகவே அரசலாற்றின் மேற்கே டெண்டரில் குறை கண்டவருக்குச் சட்டத்திலேயே ஒரு மேல்முறையீட்டுப் படி உண்டு. அதே ஆறு நம் எல்லைக்குள் புகுந்த பின் குறை கண்டவர் சென்னை உயர் நீதிமன்றப் படியையே நாட வேண்டியிருக்கிறது. ஒரு வாய்க்கால் வேலைக்காக உயர் நீதிமன்றம் செல்லும் வசதி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

நீதிமன்றம் சென்றாலும் காலத்தே செல்ல வேண்டும். பம்பாய் விமான நிலையத்தில் இரண்டாம் வகுப்பு உணவு விடுதி நடத்துவதற்கான டெண்டர் பற்றிய ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. ஐந்தாண்டு அனுபவமுள்ள, பதிவு பெற்ற இரண்டாம் வகுப்பு ஓட்டல்காரரே விண்ணப்பிக்கலாம் என்று விமான நிலைய அதிகார மன்றம் நிபந்தனை விதித்தது. அத்தகுதி இல்லாதவருக்கே வேலையை அளித்தது. 1979 மே மாதத்தில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பில், அரசாங்கம் தான் அறிவித்த நிபந்தனைக்குத் தானே கட்டுப்பட்டது, அதை மீறுவது அரசியல் சட்டத்தின் 14 ஆம் பிரிவுக்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிற்று. ஆயினும் வழக்குத் தொடுத்தவர் காலந்தாழ்த்தி வந்தார். அதற்குள் எதிர்த்தரப்பார் பெரும்பணம் செலவிட்டு விட்டனர் என்று கூறி ஒப்பந்தத்தை ரத்துச் செய்ய மறுத்தது. சட்டம் வென்றது, வழக்குப் போட்டவர் வெறுங்கையோடு திரும்பினார். இந்த இரண்டாம் பகுதியைப் பலர் எடுத்துச் சொல்வதில்லை.

இனி நெசவாளர் விஷயத்திற்கு வருவோம். இதிலேதான் நமக்குக் கவலை மிகுதி.

பள்ளிச் சீருடையாயினும், மருத்துவமனைப் படுக்கை விரிப்பாயினும், அரசு துணி வாங்கும்போது 'குறைந்த விலை' என்ற ஒரே அளவுகோலை வைத்தால் கைத்தறி ஒருநாளும் வெல்லாது. விசைத்தறியில் ஓர் ஆள் பல தறிகளைக் கவனித்துக்கொள்கிறார். கைத்தறியில் ஒவ்வொரு ஊடை இழைக்கும் ஒருவருடைய கையும் காலும் உழைக்கின்றன. கைத்தறித் துணியின் விலையில் பெரும் பங்கு கூலி. அக்கூலியைக் குறைப்பதற்கென்றே நம் சங்கங்கள் ஏற்பட்டனவா? நூல் எண், பாவின் நெருக்கம், சாயத்தின் உறுதி ஆகியவற்றை மட்டும் டெண்டரில் எழுதிவிட்டு, கைத்தறியா விசைத்தறியா என்பதை எழுதாமல் விடுவது நெசவாளியைக் கைகட்டிப் பந்தயத்தில் இறக்குவதாகும்.

பொது நிதி விதிகளை வகுத்தவர்கள் இதை உணராமல் இல்லை. 153 ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். மத்திய அரசின் துறைகள் வாங்கும் ஜவுளியில் 20 விழுக்காடேனும் கைத்தறியாக இருத்தல் வேண்டும், அதைக் காதி ஆணையத்திடமிருந்தோ கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளிட்ட கைத்தறி அமைப்புகளிடமிருந்தோ வாங்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. 'மத்திய அரசின் துறைகள்' என்றுதானே இருக்கிறது, புதுவை அரசை அது கட்டுப்படுத்துமா என்று கேட்பவர் உண்டு. அதே விதிநூலை எடுத்துக் கையாளும் அரசு, காண்டிராக்டருக்கு விதிக்கும் நிபந்தனைகளை மட்டும் எடுத்துக்கொண்டு நெசவாளிக்குரிய பங்கை விட்டுவிடுவது முறையாகாது என்பதே நம் விடை.

சிறு தொழில்களுக்கென 2012 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பொதுக் கொள்முதல் கொள்கை ஆணையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள். மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் ஒரு பங்கைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். முதலில் 20 விழுக்காடாயிருந்த அப்பங்கு பின்னர் 25 ஆயிற்று. டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையிலிருந்து இவர்களுக்கு விலக்கு உண்டு. உத்யம் பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கமும் இச்சலுகைக்கு உரியது. இவையெல்லாம் மெய்யே. ஆனால் விலைச் சலுகை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். பெரிய ஆலை ஒன்று கெஜம் 100 ரூபாய் என்று கேட்டு, நம் சங்கம் 115 ரூபாய்க்குள் கேட்டிருந்தால், நமக்கும் ஒரு பங்கு ஆர்டர் தருவார்கள், எப்போது? நாமும் 100 ரூபாய்க்கு இறங்கி வரச் சம்மதித்தால். இயந்திரம் வைத்திருக்கும் சிறு தொழிலதிபர் இறங்கி வருவார். கைத்தறிச் சங்கம் எதை விட்டு இறங்கும்? ஆகவே துணிக்கு இந்த ஆணை பெரிதும் உதவாது. டெண்டர் அறிவிப்பிலேயே 'கைத்தறி' என்ற சொல் இருந்தால்தான் உதவி.

ஒரு நன்மையை மட்டும் நம்மவர் பயன்படுத்தத் தவறுகின்றனர். 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில் தந்த சரக்கை ஏற்றுக்கொண்டவர் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி. அரசு அலுவலகமும் இதற்கு விலக்கன்று. சரக்கைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பட்டியல் பணத்துக்காகப் படியேறும் சங்கச் செயலாளர்கள் இதை எழுத்தில் எடுத்துக்காட்டலாம்.

பெரிய டெண்டர், சிறிய சங்கம் என்ற இடரும் உண்டு. புதுவை, காரைக்கால், மாஹி, ஏனாம் நான்குக்கும் சேர்த்து ஒரே மொத்தமாகத் துணி கேட்டால் நம் சங்கங்களில் எதுவும் அதைத் தாங்காது. இதைச் சொன்னால், 'தேவையைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கக் கூடாது என்று விதி இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. மேலதிகாரியின் அனுமதியைத் தவிர்ப்பதற்காகவும் பகிரங்க டெண்டரைத் தவிர்ப்பதற்காகவும் பிரிக்கக் கூடாது என்பதே அவ்விதியின் கருத்து. ஒரே அறிவிப்பில், ஒரே நாளில் திறக்கும் டெண்டரில், பகுதிவாரியாகத் தனித்தனித் தொகுதிகளாக விலை கேட்பதை அது தடுக்கவில்லை. காரைக்கால் தொகுதிக்குக் காரைக்கால் சங்கம் விலை கேட்கலாமல்லவா?

'குறைந்த விலையே நிறைந்த நீதி' என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியது எப்படி என்று எண்ணிப் பார்த்தோம். 1954 நவம்பர் 1 வரை நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் நாட்டில், அரசு ஒப்பந்தங்கள் போட்டியிலும் விளம்பரத்திலும் விடப்பட வேண்டும் என்று 1836 டிசம்பரிலேயே அரசாணை பிறந்தது. விலை குறைந்தவருக்கே தானாகச் சேரும் அந்தப் பழைய முறையை அவர்கள் 2001 இல் தம் சட்டத்திலிருந்து அடியோடு நீக்கினர். இந்திய நிதி அமைச்சகமும் 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், தரம் முக்கியமான வேலைகளில் விலைக்கு மட்டுமன்றித் தரத்துக்கும் மதிப்பெண் அளிக்க இடம் தந்தது. ஆனால் அதிகாரிகள் இன்னமும் தயங்குகின்றனர். குறைந்த விலைக்காரரை எடுத்தால் தணிக்கைக்காரர் கேள்வி கேட்கமாட்டார். சிறந்தவரை எடுத்தால் கேட்பார். இந்த அச்சத்தை நாம் குறை கூற முடியாது.

வாய்க்கால் வேலையில் இந்தக் குறைந்த விலை என்ன செய்கிறது என்பதை உழவர்கள் நன்கறிவர். மதிப்பீட்டிற்கு மிகக் கீழே விலை கேட்டு வேலை எடுத்தவர் எங்கே ஈடுகட்டுவார்? மண்ணில்தான். தூர் எடுத்த கூலி கன அளவைப் பொறுத்தது. வேலைக்கு முன் அடிமட்டம், வேலைக்குப் பின் அடிமட்டம் என இரண்டு அளவுகள் எடுத்து, வித்தியாசத்தை அளவுப் புத்தகத்தில் பதிந்து பணம் தருகிறார்கள். தண்ணீர் வந்துவிட்டால் இரண்டாவது அளவை எவரும் சரிபார்க்க இயலாது. 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் புதுவையின் முழு வரவு செலவுத் திட்டம் ஆகஸ்டு மாதத்தில்தான் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. இடைக்கால ஒப்புதலில் புதிய வேலைகளுக்கு இடம் அரிது. அவ்வாறான ஆண்டுகளில் கோடையில் முடிய வேண்டிய வேலை எந்த நிலையில் நிற்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கண்காணிக்க வேண்டியவர் யார் என்பதும் ஒரு கேள்வி. 1973 ஆம் ஆண்டின் சட்டங்கள் நகராட்சிகளையும் கொம்யூன் பஞ்சாயத்துகளையும் அமைக்கின்றன. 1968 க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து 2006 இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த உறுப்பினர்களின் காலம் 2011 இல் முடிந்தது. 2021 இல் தேதி அறிவித்தும் தேர்தல் நடைபெறவில்லை. வார்டு உறுப்பினர் ஒருவர் இருந்தால் வாய்க்கால் கரையில் நின்று கேட்பார். அவர் இல்லாத இடத்தில் சங்கம்தான் நிற்க வேண்டும்.

அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் காகிதங்களின் நகலைக் கேட்கும் உரிமையை மட்டும் தரவில்லை. நடக்கும் வேலையைப் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் மாதிரியைச் சான்றோடு பெறவும் உரிமை தருகிறது. முன்மட்டம் எடுக்கும் நாளை அந்தந்த ஊர் உழவர் சங்கத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டுமென்று பொதுப்பணித் துறையின் நீர்ப்பாசனப் பிரிவைக் கேட்டுக்கொள்கிறோம். இதற்குப் புதிய சட்டமோ கூடுதல் செலவோ வேண்டியதில்லை. டெண்டர் அறிவிப்புகள் இணையத்தில் மட்டும் வருகின்றன. அவற்றின் தமிழ்ச் சுருக்கத்தைக் கொம்யூன் அலுவலகப் பலகைகளில் ஒட்டுவதற்கும் ஆவன செய்ய வேண்டுகிறோம்.

நெசவாளர் சங்கங்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது. காரைக்காலில் ஜிப்மரின் கிளை இருக்கிறது. தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் அலுவலகம் இருக்கிறது. மூன்றும் மத்திய அரசைச் சார்ந்தவை. மூன்றுக்கும் விரிப்பும் துண்டும் திரைச்சீலையும் தேவைப்படும். சென்ற மூன்றாண்டுகளில் எவ்வளவு துணி வாங்கினீர்கள், அதில் கைத்தறி எத்தனை விழுக்காடு, எவரிடம் வாங்கினீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்ணப்பம். கட்டணம் 10 ரூபாய். விடை 30 நாளில் வர வேண்டும். வரும் விடைகளை இப்பத்திரிகைக்கு அனுப்பினால் அடுத்த இதழ்களில் அவற்றை வெளியிடுவோம்.