குப்பியிலும் குலமா?

"விஞ்ஞானம் வரம்பு மீறினால் விளைவது யாது, பாரீர்!" என்று கூறி, வைதீக அன்பர்கள் நம்மிடம் ஒரு நாவலை நீட்டுகின்றனர். ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932-இல் வெளியிட்ட 'பிரேவ் நியூ வேர்ல்டு' அது. நீட்டட்டும், படிப்போம். ஆனால், முழுவதும் படிப்போம்!

லண்டன் மாநகரிலே ஒரு மனித உற்பத்திச் சாலை. அங்கே தாய் இல்லை, தந்தை இல்லை, குப்பிகள் உண்டு. ஒரே கருவைப் பிளந்து 96 உருவங்கள் வரை வார்த்தெடுக்கின்றனர். ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான் என ஐந்து குலங்கள். ஆளப் பிறந்தவன் ஆல்பா. ஏவல் செய்யவே பிறந்தவன் எப்சிலான். கீழ்க்குலக் கருவுக்குப் பிராணவாயுவைக் குறைப்பர். மூளை குன்ற வேண்டுமே, அதற்காக! எட்டு மாத டெல்டாக் குழந்தை புத்தகத்தை நாடித் தவழ்ந்தால், செவி அதிர மணியோசை, உடல் துடிக்க மின்னதிர்ச்சி. உறங்கும் பிள்ளையின் காதிலே, உன் குலமே உனக்கு இன்பம் என்று ஓதுவர். பிறகும் உள்ளம் கலங்கினால் 'சோமா' மாத்திரை. வேதகாலப் பானத்தின் பெயர்!

படிக்கையில் நமக்கு நடுக்கம் உண்டாகிறது, வியப்பு உண்டாகவில்லை. புத்தகம் நாடிய குழந்தைக்கு மின்னதிர்ச்சி என்பது ஹக்ஸ்லியின் கற்பனை. வேதத்தை விரும்பிக் கேட்ட சூத்திரன் காதிலே, உருக்கிய உலோகமும் அரக்கும் ஊற்றுக என்பதோ கௌதம தர்ம சூத்திரத்தின் விதி! அக்குலங்களைக் குறிக்க அவர் எடுத்தாண்ட சொல்லும், நம் சாதியைச் சுட்ட ஆங்கிலேயர் வழங்கும் 'காஸ்ட்' என்பதே. குப்பியின்றியே குலம் வார்த்தவர்கள், குப்பியைக் கண்டு கூக்குரலிடுவதா?

1927-இல், 'மனவளர்ச்சி குன்றியோர்' என்று முத்திரை குத்தப்பட்டோரைக் கட்டாயக் கருத்தடைக்கு உள்ளாக்கும் விர்ஜீனியா மாநிலச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1933-இல் இட்லரின் ஆட்சியும் அத்தகைய சட்டம் இயற்றிற்று. சுமார் 4 இலட்சம் பேர் அதற்கு இரையாயினர். அங்கே குப்பியா கொடுமை செய்தது? இல்லை, 'தாழ்ந்த பிறவி' என்ற எண்ணம், விஞ்ஞானத்தின் பெயரை அணிந்து, அதிகாரத்தின் கத்தியை ஏந்திற்று!

ஆண் பெண் சேர்க்கையின்றியே குழந்தை பிறக்கும் என்று 'இனிவரும் உலக'த்திலே பெரியார் கூறியபோது நகைத்தனர். 1978-இல் இங்கிலாந்திலே முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. 'மலடி' என்று பழிக்கப்பட்ட பெண்கள் பலருக்கு அக்குழாய், மகவைத் தந்தது. மாளிகையையும் சேரியையும் அது வகுக்கவில்லை.

எனினும், நாம் கண்மூடி நிற்கலாகாது. 2018-இல் சீன ஆராய்ச்சியாளர் ஒருவர், கருவிலேயே மரபணு திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். மறு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். கருவைத் திருத்தும் கருவி வந்துவிட்டது. நோய் நீக்க அது பயன்படுமா? செல்வன் வீட்டுப் பிள்ளைக்குச் சிறப்பை விலைக்கு விற்கப் பயன்படுமா? முடிவு செய்யும் உரிமை மக்களிடம் இருக்க வேண்டும். ஆளுவோரிடமும் வணிகரிடமும் மட்டும் அன்று.

கருவியைக் கண்டு கலங்கோம், தோழர்களே! ஆனால், பிறப்பிலே பேதம் வகுப்போர், ஏட்டுச் சுவடியோடு வரினும், சோதனைக் குழாயோடு வரினும், எதிர்ப்போம்!