கோப்பையும் கூலியும்

விளையாட்டில் வர்க்கம் எங்கே வந்தது என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்கள் இங்கிலாந்தின் ரக்பி சரித்திரத்தைப் பார்க்கட்டும்.

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, மோதித் தள்ளி ஓடும் ஆட்டம் ரக்பி. சீமான் வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளியின் பெயரே ஆட்டத்துக்கும் பெயர். 1871-ல் லண்டனில் கனவான்கள் கூடி ரக்பி யூனியன் அமைத்தார்கள். கல்கத்தாவில் வெள்ளைக்காரர் கிளப் ஒன்று கலைந்தபோது, கையிருப்பிலிருந்த 270 வெள்ளி ரூபாயை உருக்கிக் கோப்பை செய்து, 1878-ல் யூனியனுக்குக் கொடுத்தது. எல்லாக் கிளப்புகளும் அதற்காக மோதட்டும் என்பது கல்கத்தாக்காரர்களின் விருப்பம். யூனியன் இசையவில்லை. இங்கிலாந்து–ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டது.

ஏன்? கோப்பை வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் வசூல் வரும். வசூல் வந்தால் ஆடுகிறவன் பங்கு கேட்பான். இதுதான் கனவான்களின் பயம்!

வடக்கே யார்க்ஷயரில் 1877-ல் தொடங்கிய கோப்பைப் போட்டிக்கு ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் திரண்டார்கள். சனிக்கிழமை காலையும் அவர்களுக்கு வேலை உண்டு. வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. அந்தக் கூலியை ஈடுசெய்ய வேண்டுமென்று 1893-ல் யார்க்ஷயர் பிரதிநிதிகள் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 282-க்கு 136 ஓட்டில் அது தோற்கடிக்கப்பட்டது. ஆடுவதற்குச் சம்பளமா கேட்டார்கள், தோழர்களே? இழந்த கூலியைத்தானே கேட்டார்கள்!

1895 ஆகஸ்ட் 29-ல் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் வடக்குக் கிளப்புகள் கூடின. யூனியனை விட்டு வெளியேறின. நாளொன்றுக்கு 6 ஷில்லிங் வரை கூலி ஈடு என்று விதி செய்தன. அந்தக் கிளப்புகளை நடத்தியவர்களிலும் முதலாளிகள் உண்டு. ஆனால் தொழிலாளி இல்லாமல் அவர்களுக்கு ஆட்டமும் இல்லை, வசூலும் இல்லை! 1897-ல் அவர்களுடைய முதல் கோப்பையைக் கம்பளி ஆலை ஊரான பேட்லி வென்றது. ரக்பி லீக் பிறந்த கதை இதுவே.

யூனியன் தன் கிளப்புகளுக்குத் தேசியக் கோப்பை வைத்தது 1971-72-ல்தான். குளோஸ்டர் அணி மோஸ்லியை 17-6 என்று வென்றது. சில ஆண்டுகளில் சிகரெட் கம்பெனியின் பெயர் அந்தக் கோப்பையில் ஏறியது; பிறகு கண்ணாடிக் கம்பெனியின் பெயர். ஆனால் ஆடுகிறவனுக்குக் காசு கொடுப்பது பாவம் என்ற விதி 1995 வரை நீடித்தது. சரியாக நூறு ஆண்டுகள்! கம்பெனி விளம்பரம் புண்ணியம். உழைப்பாளியின் கூலி பாவம். இதுதான் கனவான்களின் தர்மம்.

ஓய்வும் ஆட்டமும் உழைப்பவனுக்கும் உரிமை. ஆனால் ஆடப் போனால் அடுப்பு எரியாது என்றால், அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான். ஊதியத்துடன் ஓய்வு கேட்போம், கூசாமல் கேட்போம்!