விளையாட்டன்று, கல்வி

எம்மன்புரூக்கேயில் வளரும் தமிழ்ப்பிள்ளை தொலைவியக்கி உலங்குவானூர்தியில் ஒளிப்படக்கருவி பொருத்த முனைந்தால், அதனைப் பணவிரயம் எனப் பெற்றோர் தடுத்தல் தகாது. கருவியின் பாரத்தால் ஈர்ப்புமையம் பிறழக்கூடாது. சுழலியின் அதிர்வு படத்தைக் குலைக்காதிருக்க இறப்பர்த் தாங்கிகள் வேண்டும். ஏட்டிலுள்ள பௌதிகம் இங்கே கைவினையாகிறது. சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்ஷா' அணி, 2018இல் அவுஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா வானூர்திப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றமை நினைவுகூரத்தக்கது.

ஆயினும் எம்மன் இராணுவ விமானத்தளம் அருகிலேயே உள்ளது. எங்கு பறக்கலாம் என்பதை முன்கூட்டியே அறிதல் கட்டாயம். ஒளிப்படக்கருவி தாங்கிய ஆளில்லா வானூர்தியை இயக்குவோர் பதிவுசெய்ய வேண்டுமென்ற விதி 2023 சனவரி முதல் சுவிசில் நடைமுறையிலுள்ளது. அயலவரின் முற்றத்தை அனுமதியின்றிப் படமெடுத்தலும் முறையன்று.

பெற்றோரே, பிள்ளையின் கையிலுள்ள கருவியைப் பறிக்காதீர்கள். சட்டத்தையும் பொறுப்பையும் அருகிருந்து கற்பியுங்கள்.