பிஸ்கட் பொட்டலத்துக்கு ஒரு வழக்கு!

பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாயிற்று. குழந்தைகள் நாலு தின்றன. மீதி நமுத்துப் போகாமல் இருக்க என்ன செய்வது? தாய்மார்கள் டப்பாவில் கொட்டி மூடி வைப்பார்கள்.

அமெரிக்காவில் இதற்கு வேறு வழி கண்டார்கள். உள்ளே ஒரு தட்டு. அதில் வரிசையாகப் பிஸ்கட். அதைச் சுற்றி உறை. உறையின் மேலே ஒரு மடல். மடலின் அடியில் பசை. இழுத்தால் திறக்கும். அழுத்தினால் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் பொட்டலத்துக்கு 2005-ம் ஆண்டில் காப்புரிமை கிடைத்தது. காப்புரிமை என்றால் என்ன? புதுப் பொருளைக் கண்டுபிடித்தவருக்குச் சர்க்கார் கொடுக்கும் உரிமை. குறிப்பிட்ட காலம் வரை, அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது, விற்கக் கூடாது.

கோர்ட்டில் மோதல்

'ஓரியோ' பிஸ்கட்டுக்கு உரிய மாண்டலீஸ் குழுமத்தின் கம்பெனி ஒன்று, 2013-ம் ஆண்டில் கெல்லாக் கம்பெனி மீது வழக்குப் போட்டது. தங்கள் பொட்டலத்தைப் போலவே கெல்லாக்கும் விற்கிறது என்பது புகார். இது யாருக்கும் தோன்றக்கூடியதே, இதற்கு உரிமை கொடுத்ததே தவறு என்று கெல்லாக் வாதாடியது.

பொருள் புதியதாக இருந்தால் மட்டும் போதாது என்கிறது அமெரிக்கச் சட்டம். அந்தத் தொழில் தெரிந்த சாதாரண ஆளுக்கு எளிதில் தோன்றக்கூடியது என்றால், உரிமை கிடையாது.

தட்டில் அடுக்கிய பிஸ்கட் பழையது. ஒட்டி மூடும் உறையும் பழையது. தொழில் பத்திரிகைகளில் முன்பே வந்த செய்தி. இரண்டையும் சேர்த்ததுதான் புதிது. எனவே காப்புரிமை செல்லாது என்று 2015-ம் ஆண்டில் சிகாகோ கோர்ட் தீர்ப்பளித்தது. 2017-ம் ஆண்டில் மேல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது.

பென்சிலும் ரப்பரும்

இந்தத் தீர்ப்பு சரியே. பென்சிலின் தலையில் ரப்பரைப் பொருத்தியதற்கு 1858-ம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். 1875-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்றது. சேர்த்த பிறகும் பென்சில் எழுதத்தான் செய்கிறது. ரப்பர் அழிக்கத்தான் செய்கிறது. இப்படித் தெரிந்த இரண்டைச் சேர்ப்பவருக்கெல்லாம் உரிமை கொடுத்தால், மற்றவர்கள் தொழில் செய்வது எப்படி? போட்டி குறைந்தால் விலை ஏறும். அந்தச் சுமை வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மேல் கோர்ட்டின் மூன்று நீதிபதிகளில் ரெய்னா என்பவர் மாறுபட்டார். மக்கள் அந்தப் பொட்டலத்தை விரும்பி வாங்கினார்கள். தொழில் துறையினர் பாராட்டினார்கள். இந்தச் சாட்சியங்களைக் கடைசியில் பார்ப்பது போதாது, முதலிலேயே எடைபோட வேண்டும் என்றார் அவர்.

அதிலும் நியாயம் உண்டு. விடை தெரிந்த பிறகு எந்த விடுகதையும் எளிதுதான். இவ்வளவு எளிது என்றால், முன்னமே ஏன் ஒருவரும் செய்யவில்லை? தீர்ப்புச் சொல்கிறவர் இந்தக் கேள்வியையும் கேட்கவேண்டும்.

உண்மையாக உழைத்துக் கண்டுபிடித்தவர் ஏமாறக் கூடாது. ஊருக்கெல்லாம் தெரிந்ததை ஒருவர் மட்டும் பூட்டி வைக்கவும் கூடாது. இரண்டையும் காப்பதுதான் நீதி!