அழைப்பின் பேரில் வரும் படைகள்

அண்டை நாட்டுச் சண்டையில் அந்நிய ராணுவம் புகும்போதெல்லாம் ஒரே சமாதானம்தான் சொல்லப்படுகிறது: “அழைத்தார்கள், வந்தோம்.” அழைத்தது யார்? சுமை யார் தலையில்? பெரியபட்டினம் கரையில் நின்றே இதை நாம் கேட்கலாம்.

இந்த மண்ணைத் தோண்டினால் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைக்கின்றன. கடல் வழியே வியாபாரம் வந்ததற்கு அவை சாட்சி. அதே கடல் வழியே படையும் வந்தது. 12-ம் நூற்றாண்டில் பாண்டிய வம்சத்தில் வாரிசுச் சண்டை. மதுரையில் முற்றுகைக்குள்ளான பராக்கிரம பாண்டியன், இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். படை கப்பலேறுமுன் அவன் கொல்லப்பட்டான். அழைத்தவனே மாண்டபின் படை நின்றதா? இல்லை. இராமேஸ்வரத்தைப் பிடித்தது, குந்துகாலில் கோட்டை கட்டியது. எதிர்த்தரப்புக்குச் சோழர் படை வந்தது. பிடிபட்ட தமிழர்களைக் கொண்டுபோய், இடிந்த பௌத்த தூபியைச் செப்பனிடும் வேலையில் பூட்டியதாக இலங்கையின் சூளவம்சமே சொல்கிறது. சிம்மாசனச் சண்டை மன்னர்களுக்கு. செங்கல் சுமை உழைப்பாளிக்கு!

இது பழங்கதை என்போர் 1987-ஐ நினைத்துப் பார்க்கட்டும். ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். கூடவே பரிமாறிய கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும் எண்ணெய்த் தொட்டிகளும் இடம் பெற்றன. ‘அமைதிப்படை’ என்ற பெயரில் நமது ராணுவம் போயிற்று. அக்டோபரில் அது புலிகளோடு யுத்தத்தில் இறங்கியது. அம்மாதமே யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நமது ஜவான்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களும் ஏழை எளியவர் பெற்ற பிள்ளைகளே. அழைத்த கொழும்பு சர்க்காரே 1989-ல் “வெளியேறு” என்றது. 1990 மார்ச்சில் கடைசிச் சிப்பாய் கப்பலேறினான். ஜூனில் மீண்டும் யுத்தம் மூண்டது. அகதிகளின் படகுகள் இராமேஸ்வரம் கரையை நோக்கி வந்தன. மண்டபம் முகாம் நிரம்பியது.

அப்படியானால் அண்டை வீடு எரியும்போது கைகட்டி நிற்பதா? கூடாது. அகதிக்குச் சோறும் மருந்தும் கொடுப்பது உதவி. சண்டையிடும் இரு தரப்பையும் ஒரே மேஜையில் உட்காரவைப்பது உதவி. துப்பாக்கியோடு புகுவது மட்டும் உதவியல்ல. அது இருக்கும் சண்டையில் இன்னொரு சண்டையைச் சேர்ப்பது.

தோழர்களே! ஆலையிலும் வயலிலும் பாடுபடும் நாம், எந்தப் படை எந்த நாட்டுக்குள் நுழைந்தாலும், அது நமது படையே ஆனாலும், முதல் நாளே கேட்போம்: லாபம் யாருக்கு? பிணம் யார் வீட்டுக்கு?