இணையம் வானத்தில், 1990 எங்கே?

ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் வந்துவிட்டது, இனி வன்னிக் கிராமங்களுக்கு விடிவுதான் என்று கொழும்பில் குதூகலிப்பவர்களிடம் ஒரு கேள்வி. கூரையில் அந்தத் தட்டைப் பூட்டிய வீட்டில் நள்ளிரவில் ஒரு பிள்ளையைப் பாம்பு கடித்தால், சுவசெரிய அம்புலன்ஸை எப்படி அழைப்பது? அது தருவது இணையம் மட்டும்; வட்ஸ்அப்பில் 1990 இல்லை. பொலிஸின் 119உம் இல்லை. வவுனியாக் குறியீடான 024இல் தொடங்கும் எந்தத் தொலைபேசியையும் அதிலிருந்து எடுக்க முடியாது.

2024 ஓகஸ்டில் ஸ்டார்லிங்குக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்தார்கள், 2025 ஜூலையில் சேவை தொடங்கியது. அப்போது வீட்டுப் பாவனைக்கு மாதம் 15,000 ரூபா. கருவிக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். அந்த ஆண்டு தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபா. இதைக் கிராமத்துக்கான சேவை என்பவர்கள் எந்தக் கிராமத்தைக் கண்டார்களோ! நெடுங்கேணிப் பக்கக் காட்டோரங்களில் யானை வேலியைப் பிரித்தால், செய்தி சொல்லச் சிக்னல் தேடிக் குளக்கட்டில் ஏற வேண்டும்.

கம்பியில்லாத் தொலைபேசி நமக்குப் புதிதல்ல. 1996இல் சன்ரெல், லங்கா பெல் இரண்டுக்கும் அதற்காகவே அனுமதி கொடுத்தார்கள். ஓமந்தைக்கு வடக்கே அப்போது யுத்தம். போர் முடிந்து மீள்குடியேறிய தகரக் கொட்டில்களுக்கு சீடீஎம்ஏ போன் வந்தது. வீட்டுப் போன் மாதிரியே ரிசீவர், பின்னால் விரலளவு அன்டெனா, கரண்ட் போனாலும் தாங்கும் பற்றரி. கனடாவிலிருந்து மகன் எடுத்தால் கிணற்றடியில் நிற்கும் தாய்க்கும் மணி கேட்கும்.

நான் அடிக்கடி சொல்லும் கதையை மறுபடி சொல்லத்தான் வேண்டும். தொண்ணூறுகளில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு கோர்டெக்ட் என்ற கம்பியில்லா இணைப்பை உருவாக்கியது. சுவரில் மாட்டும் ஒரு பெட்டி. போன் பேசாதபோது இணைய வேகம் 70 கிலோபிட், பேசும்போது 35. அதாவது பேச்சும் இணையமும் ஒரே நேரத்தில்! மதுரைக்குப் பக்கத்தில் மேலூர்க் கிராமங்களில் என்-லோக் நிறுவனம் இதைக் கொண்டு இணைய நிலையங்கள் நடத்தியது. பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த வீட்டையும் இந்த அலை எட்டியது. பிறகு கைபேசி வெள்ளத்தில் அது அடிபட்டுப் போனது; அது வேறு விஷயம். 35 கிலோபிட் காலத்தில் கிராமத்துக்குக் குரலும் சேர்த்துக் கொடுக்க முடிந்ததே, நூறு மெகாபிட் காலத்தில் ஏன் முடியவில்லை?

தொழில்நுட்பம் தடையென்று யாரும் கதை விட வேண்டாம். பெரிய நிறுவனங்களின் 4ஜி ரவுட்டரின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: போன் பூட்டும் துளை இருக்கிறது. காசு கட்டினால் எண்ணும் வரும். ஒரு குரல் அழைப்புக்கு நூறு கிலோபிட் போதும். தடை அனுமதிப்பத்திரத்தில் இருக்கிறது. நிலையான தொலைபேசிச் சேவை ரெலிகொம், டயலொக், லங்கா பெல் ஆகிய மூவரின் வேலிக்குள். ஊரில் ஒரு கோபுரம் நட்டு வயர்லெஸ் இணையம் கொடுக்க நினைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கு அதற்குள் நுழைய வழியில்லை.

வேலியைத் திறந்தால் தரம் கெடும், அவசர அழைப்பு பிசகும், தேசிய பாதுகாப்பு என்பார்கள். இணையவழித் தொலைபேசி விற்பவர் 911ஐ இணைத்தே ஆக வேண்டுமென அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு 2005இலேயே கட்டளையிட்டுவிட்டது. இங்கும் அதையே செய்யலாம். பாதுகாப்புக் கதையை வன்னியிடம் சொல்லாதீர்கள். போர்க்காலத்தில் டோர்ச் பற்றரியைக்கூட அந்தப் பெயரில் தடுத்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். மூன்று கல்லாப்பெட்டிகளைக் காக்கும் வாதம் இது, வேறொன்றுமில்லை.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு 024இல் ஒரு தொகுதி எண்களைச் சிறு வழங்குநருக்கு ஒதுக்கட்டும். பெரியவர்களின் வலையமைப்போடு இணைக்கும் உரிமையையும் சட்டமாக்கட்டும். பற்றரி வைத்த பெட்டியும் 1990 அழைப்பும் இல்லாமல் வன்னியில் இணையம் விற்க எவருக்கும், அது ஸ்டார்லிங்கின் ஈலோன் மஸ்க்காக இருந்தாலும், அனுமதி புதுப்பிக்கப்படக் கூடாது.