டீசல் போகிறது, நம் போமன்களின் கதி என்ன?

லோரி ஓட்டுநர், பஸ் ஓட்டுநர், பட்டறையில் போமன். தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களில் இந்த மூன்றில் ஒரு வேலையாவது இல்லாத வீடு குறைவு. அண்ணன் இல்லையென்றால் மாமா, மாமா இல்லையென்றால் மருமகன். மூன்று வேலையுமே டீசல் இயந்திரத்தைச் சுற்றி நிற்பவை. அந்த இயந்திரம் இப்போது மெல்ல விடைபெறத் தொடங்கியிருக்கிறது. இதைப் பற்றி நம் தலைவர்கள் மேடையில் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

இது ஏதோ வெளிநாட்டுச் செய்தி என்று நினைக்க வேண்டாம். சன்வேயில் 2015ஆம் ஆண்டு முதலே மின்பேருந்துகள் ஓடுகின்றன. போஸ் மலேசியா மின்வேன்களையும் மின்மோட்டார் சைக்கிள்களையும் கடிதமும் பொட்டலமும் கொண்டுபோக விட்டிருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர், 2030க்குள் தன் பொதுப் பேருந்துகளில் பாதியை மின்சாரத்துக்கு மாற்றுவதாக அறிவித்து, 2023இல் மட்டும் 360 மின்பேருந்துகளுக்கு ஆர்டர் கொடுத்தது. ஜொகூர் பாருவிலிருந்து விடியற்காலையில் எழுந்து சென்று அங்கே பஸ் ஓட்டுகிறவர்களிலும் டிப்போவில் வேலை செய்கிறவர்களிலும் நம்மவர்கள் உண்டு. அவர்களுக்கு இது நாளைய பிரச்சினை அல்ல, இன்றையது.

நியாயமாகச் சொன்னால், போர்ட் கிள்ளானில் கொள்கலன் இழுக்கும் பெரிய லோரிகள் அடுத்த வருடமே மாறிவிடப் போவதில்லை. பேட்டரியின் எடை சரக்கின் எடையைத் தின்றுவிடும். சார்ஜ் ஏற்ற நேரம் பிடிக்கும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குத் தாவியபோதும், தகுதி பெற்ற சரக்கு லோரிகளுக்கு அட்டை மூலம் பழைய விலையே கொடுக்கப்பட்டது. ஆகவே அங்கே அவசரம் குறைவு. முதலில் மாறுவது, தினமும் ஒரே பாதையில் ஓடி இரவில் டிப்போவுக்குத் திரும்பும் பஸ்களும், பட்டணத்துக்குள் பொட்டலம் கொடுக்கும் வேன்களும்தான். ஐம்பத்தைந்து வயது போமன் ஒருவேளை டீசலோடே ஓய்வு பெற்றுவிடலாம். இன்று அவரிடம் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் இருபது வயதுப் பையன்?

மின்வாகனத்தில் எஞ்சின் ஆயில் இல்லை, டீசல் ஃபில்டர் இல்லை, இன்ஜெக்டர் இல்லை, கிளட்ச் இல்லை. பட்டறையின் அன்றாட வருமானமே இவற்றில்தான் இருக்கிறது. ஆனால் பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், ஏர்கோன், பாடி எல்லாம் அப்படியே இருக்கும். பேட்டரியின் கனத்தால் டயர் இன்னும் வேகமாகத் தேயும். ஆக, நம் போமனுக்குத் தெரிந்த வேலையில் ஒரு பெரும்பங்கு பிழைத்துக்கொள்ளும். புதிதாகக் கற்க வேண்டியது மின்சாரம். ஆரஞ்சு நிறக் கம்பிகளில் பல நூறு வோல்ட் ஓடும். மின்காப்புக் கையுறை போட்டுக்கொண்டு, மின்சாரத்தைத் துண்டித்து, உள்ளே தங்கியிருப்பது வடியும்வரை காத்திருந்து, அளந்து பார்த்த பிறகே கை வைக்கலாம். "பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்" என்பது இங்கே செல்லாது. தப்பு செய்தால் சட்டையில் கறை படுவதோடு நிற்காது, உயிரே போய்விடும். அதனால்தான் இந்த வேலைக்கு முதலாளி முதலில் கேட்கப்போவது சான்றிதழ்.

நமக்கு வலிக்கும் இடமும் அதுதான். கையில் வேலை இருக்கிறது, காகிதம் இல்லை! தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பிறகு 1980, 1990களில் அவை வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனபோதும் நடந்தது என்ன? பால் மரத்தைச் சீவும் திறமைக்கு பட்டணத்தில் விலை இல்லை. தலைமுறை அனுபவம் ஒரே நாளில் பூஜ்யமாயிற்று. அன்று யாரும் நமக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இந்த முறை சில ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது.

பலருக்குத் தெரியாத ஒரு வழியைச் சொல்கிறேன். மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை, அதாவது ஜே.பி.கே., அனுபவமுள்ள தொழிலாளிக்கு வகுப்பில் உட்காராமலே எஸ்.கே.எம். சான்றிதழ் தருகிறது. பெயர் பி.பி.தி., முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறை. செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் நிரூபிக்க வேண்டும். எஸ்.பி.எம். தேறாததால் கூனிக்குறுகி நிற்கும் எத்தனை அண்ணன்மார்கள் இதற்குத் தகுதியானவர்கள்! அந்த அடிப்படைச் சான்றிதழ் இருந்தால், அதன்மேல் மின்வாகனப் பயிற்சியைச் சேர்ப்பது சுலபம்.

வேலையில் இருப்பவர்கள் முதலாளியிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட உள்நாட்டுத் தொழிலாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள், சட்டத்துக்கு உட்பட்ட துறைகளில், சம்பளத் தொகையில் ஒரு விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப்பில் லெவியாகக் கட்டுகின்றன. அது தொழிலாளியின் பயிற்சிக்கான பணம். அலுவலகத்தில் இருப்பவர்களைக் கருத்தரங்குக்கு அனுப்ப மட்டுமா அது? பட்டறைக்காரனையும் ஓட்டுநரையும் அனுப்பச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

படிவம் ஐந்து முடித்த பிள்ளைகளுக்கு, முன்பு ஐ.எல்.பி. என்றிருந்த அட்தெக் வளாகங்கள் இருக்கின்றன. பி.தி.பி.கே. கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்குப் போகிறவர்கள், அது ஜே.பி.கே. அங்கீகாரம் பெற்ற நிலையமா, உயர்மின்னழுத்தப் பயிற்சிக்கு வாகனமும் கருவியும் கண்ணால் பார்க்க உண்டா என்று விசாரித்த பிறகே கையெழுத்திடுங்கள். படம் காட்டிப் பாடம் நடத்தும் இடங்களும் உண்டு. வாகனத்தில் ஆர்வமில்லாத பிள்ளைக்கு ஒயர்மேன், சார்ஜ்மேன் தகுதி நல்ல பாதை. டிப்போக்களில் சார்ஜ் நிலையம் அமைக்கவும் பராமரிக்கவும் அவர்கள் வேண்டும்.

தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் 2025இல் மின்வாகன ஆலையைத் திறந்தது. அது கார்தான், லோரி அல்ல. ஆனால் ஆரஞ்சுக் கம்பி ஒன்றுதான். சுற்றிலும் பேராங், சிலிம் ரிவர் என்று தோட்டத்துப் பெயர்கள். அங்கே நம் பிள்ளைகள் எத்தனை பேர் டெக்னீஷியனாக நுழைகிறார்கள், எத்தனை பேர் வாசலில் காவலாளியாக நிற்கிறார்கள்?

மித்ராவுக்கு ஆண்டுதோறும் 10 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. அதில் திறன் பயிற்சிக்கென்று போன பணத்தில் எத்தனை பேர் எஸ்.கே.எம். மூன்றாம் நிலையை எட்டினார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு மின்வாகனத்தில் வேலை கிடைத்தது? பயிற்சிக்கு வந்தவர்கள் எண்ணிக்கையும் விழா படங்களும் நமக்கு வேண்டாம். இந்த இரண்டு எண்களை மட்டும், மாநில வாரியாக, அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் மித்ரா வெளியிடட்டும்.